மீஞ்சூர்த் தண்ணீர்: கணக்கு எங்கே?

காவிரிக்காக நாம் மேடை ஏறினோம், மறியல் செய்தோம், சிறை சென்றோம். நடுவர் மன்றம் கேட்டோம், தீர்ப்புக் கேட்டோம், ஆணையம் கேட்டோம். அத்தனை முழக்கமும் இறுதியில் வந்து நின்ற இடம் எது? பிலிகுண்டுலு! ஆற்றோரத்தில் மத்திய நீர் ஆணையத்தின் அளவு நிலையம் ஒன்று அங்கே இருக்கிறது. 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் தமிழகத்துக்கு ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று தீர்ப்பளித்ததே, அந்த எண்ணுக்கு உயிர் கொடுப்பது அந்த நிலையத்தின் அளவுகோல்தான். கர்நாடகம் எவ்வளவு திறந்ததாகச் சொல்கிறது என்று நாம் கேட்பதில்லை; நம் எல்லையில் எவ்வளவு வந்து சேர்ந்தது என்றுதான் கேட்கிறோம். தருகிறவன் சொல்லும் கணக்கு வேறு, பெறுகிறவன் பார்க்கும் கணக்கு வேறு என்பதை அரை நூற்றாண்டுப் போராட்டம் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறது.

கற்ற பாடத்தை வட சென்னைக்கு ஏன் எடுத்து வரவில்லை என்பதே நமது கேள்வி.

மீஞ்சூரைப் பாருங்கள். ஒரு பக்கம் கொசத்தலையாறு. மறு பக்கம் கடல். அத்திப்பட்டு, வல்லூர், நந்தியம்பாக்கம், பட்டமந்திரி, காட்டுப்பள்ளி என்று எந்தத் திக்கில் நடந்தாலும் காலுக்கடியில் ஒரு குழாய் ஓடுகிறது. தண்ணீர்க் குழாய், எண்ணெய்க் குழாய், அனல் நிலையத்துச் சாம்பல் கரைசல் குழாய், ஆலைக் கழிவுக் குழாய்! குழாயைப் புதைத்தவன் பாட்டாளி. வெல்டிங் வைத்தவன் பாட்டாளி. அது வெடித்தால் முதலில் மூச்சுத் திணறுகிறவனும் பாட்டாளி. ஆனால், அந்தக் குழாயில் ஒரு நாளைக்கு எவ்வளவு ஓடுகிறது என்று கேட்டால் மட்டும், "அது ஆபீஸ் சமாச்சாரம்" என்கிறார்கள். ஏனய்யா? பெருக்கல் தெரிந்தவனுக்கு விளங்காத மந்திரமா அது?

விளங்கும். சொல்கிறோம், கேளுங்கள்.

கவலை இறைத்த காலத்தில் நம் பாட்டன் சால் கணக்கு வைத்திருந்தான். இத்தனை சால் இறைத்தால் இந்த வயலுக்குப் போதும் என்று அவனுக்குத் தெரியும். ஏரிப் பாசனத்தில் நீர்க்கட்டி நாழிகை பார்த்து மடை மாற்றினான். அளவு, அதை எடுத்துக்கொண்ட நேரம், இரண்டும் தெரிந்தால் ஓட்டம் தெரிந்துவிடும். 15 லிட்டர் வாளி 10 வினாடியில் நிரம்புகிறதா? வினாடிக்கு ஒன்றரை லிட்டர்; மணிக்கு 5,400 லிட்டர். தெருக்குழாய்க்கு இது போதும்.

வாளியில் பிடிக்க முடியாத பெரிய ஓட்டத்துக்கு வேறு வழி உண்டு. குழாயின் குறுக்குவெட்டுப் பரப்பையும் தண்ணீரின் வேகத்தையும் பெருக்கு; வருவது ஓட்டம். பத்து சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாயின் பரப்பு 78.5 சதுர சென்டிமீட்டர். வேகத்துக்கு என்ன செய்வது என்று திகைக்க வேண்டாம். குழாய் வாய் படுக்கையாக இருந்து, தண்ணீர் வாய் நிறையப் பீறிட்டு வந்தால், ஒரு அடிக்கோலே போதும். வெளியே வந்த தண்ணீர் 30 சென்டிமீட்டர் கீழே இறங்க ஏறத்தாழக் கால் வினாடி ஆகும். இது புவி ஈர்ப்பின் கணக்கு, எந்த முதலாளியாலும் மாற்ற முடியாதது. அந்தக் கால் வினாடியில் தாரை எத்தனை சென்டிமீட்டர் முன்னே பாய்ந்தது என்று அளந்து நான்கால் பெருக்கினால் வினாடிக்கான வேகம் கிடைக்கும். முப்பத்தேழரை சென்டிமீட்டர் பாய்ந்தால் வேகம் 150. அதை 78.5-ஆல் பெருக்கினால், வினாடிக்குப் பதினொன்றே முக்கால் லிட்டர்! மணிக்கு 42,000 லிட்டருக்கு மேல். இருபது மணி நேரம் ஓடினால் எட்டு லட்சத்து நாற்பத்தேழாயிரம் லிட்டர். 12,000 லிட்டர் பிடிக்கும் லாரியில் எழுபது லாரி. ஒரே ஒரு போர். ஒரே ஒரு நாள்!

இதில் ஒரு சூதும் உண்டு. தோழர்கள் கவனிக்க வேண்டும். நாலு அங்குலக் குழாயை எட்டு அங்குலமாக மாற்றினால் தண்ணீர் இரண்டு மடங்காகும் என்றுதான் பலரும் நினைப்போம். அதே வேகத்தில் ஓடினால் அது நான்கு மடங்கு. விட்டம் இரட்டித்தால் பரப்பு நான்காகிறது. "குழாயைக் கொஞ்சம் பெரிதாக்கினோம்" என்று ஒருவன் பணிவாகச் சொல்லும்போது, அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்று பரப்பைப் பார்த்துக் கேளுங்கள்.

சரி, எடுத்தால் எடுக்கட்டுமே, பூமிக்குள் கிடக்கும் தண்ணீர்தானே என்பார் சிலர். மீஞ்சூரில் நின்று அப்படிச் சொல்ல முடியாது.

ஆரணியாறும் கொசத்தலையாறும் பல்லாயிரம் ஆண்டுகளாகக் கொண்டுவந்து சேர்த்த மணலுக்குள் நல்ல நீர் தேங்கிக் கிடந்தது. 1960-களின் இறுதியில் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் துணையோடு அந்தப் படுகையை ஆராய்ந்தார்கள். மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் ஆகிய இடங்களில் ஆழ்துளைக் கிணற்றுத் தொகுதிகள் எழுந்தன. சென்னை நகரம் குடித்தது. மணலியின் ஆலைகள் குடித்தன. உழவனின் மோட்டாரும் இறைத்தது. எல்லோரும் சேர்ந்து எடுத்தது, மழை திருப்பிக் கொடுத்ததைவிட அதிகமாயிற்று. பக்கத்திலேயே காத்திருந்த கடல் உள்ளே புகுந்தது.

கடல் ஏன் புகுகிறது என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஆலந்து நாட்டுப் பொறியாளர் பேடன் கைபன் என்பவரும், 1901-இல் ஜெர்மானியர் ஹெர்ஸ்பெர்க் என்பவரும் தனித்தனியே கண்டது அது. கடல் நீர் நல்ல நீரைவிட நாற்பதில் ஒரு பங்கு கனம் அதிகம். ஆகவே, கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நல்ல நீர் நின்றால், கீழே நாற்பது அடி ஆழம் வரை உப்பு நீரை அது அழுத்திப் பிடித்திருக்கும். அந்த ஓரடியை இறைத்துவிட்டால்? கீழே நாற்பது அடி போய்விடும்! ஒரே நாளில் அல்ல. மணலுக்குள் நீர் ஆமை வேகத்தில் நகரும். ஆனால் நகரும் திசை மாறாது. வரவைப் போல ஒன்றுக்கு ஒன்று என்று செலவும் போகும் என்று நினைத்தவனுக்கு, ஒன்றுக்கு நாற்பது என்று பூமி கணக்குத் தீர்க்கிறது. எந்தக் கந்து வட்டிக்காரனும் போடாத வட்டி!

1970 வாக்கில் கடற்கரையிலிருந்து மூன்று கிலோமீட்டர் அளவில் தென்பட்ட உப்பு, பின்னாளில் நடந்த ஆய்வுகளில் பத்துக் கிலோமீட்டருக்கும் அப்பால் தென்பட்டது. நெல் விளைந்த கிணற்றில் உப்புப் பூத்தது. ஊர்க் கிணற்றை விட்டுவிட்டு மக்கள் குடத்தோடு லாரிக்குக் காத்திருக்கத் தொடங்கினார்கள். நகரத்துக்கே தண்ணீர் தந்த மண்ணில் காசு கொடுத்துக் கேன் தண்ணீர் வாங்குகிற கொடுமை வந்தது. 1987-இல் சென்னைப் பெருநகரப் பகுதி நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. உரிமம் இல்லாமல் எடுக்கலாகாது என்றது. நல்ல சட்டம்! ஆனால் உரிமம் என்பது தாள். ஓட்டம் என்பது குழாயில். தாளில் உள்ளதும் குழாயில் உள்ளதும் ஒன்றா என்று பார்க்கிற கண் எது?

இங்கே நம்மவர் சிலர் ஒரு கேள்வி கேட்பார்கள்: "அப்படியானால் உழவன் மோட்டாருக்கும் மீட்டரா?" நேரே பதில் சொல்கிறோம். வேண்டாம். 1984-இல் சிறு விவசாயிகளுக்கும், 1990-இல் கலைஞர் ஆட்சியில் எல்லா விவசாயிகளுக்கும் வந்தது இலவச மின்சாரம். 2020-இல் டில்லி மின்சாரச் சட்டத் திருத்த வரைவைக் கொண்டுவந்தபோது, இதற்கு ஆபத்து என்றுதான் தமிழகம் கட்சி வேறுபாடு இல்லாமல் எதிர்த்தது. மீட்டர் என்ற பெயரில் பில் நுழையும் என்ற அச்சம் வீண் அச்சமல்ல. ஆயினும் ஒன்றை மறைக்க மாட்டோம். 2000-இல் தொடங்கிய பஞ்சத்தில் சென்னைக் குடிநீர் வாரியமே இந்தப் பகுதி உழவர்களின் கிணறுகளிலிருந்து தண்ணீரை விலைக்கு வாங்கியது. கடன்பட்ட உழவன் விற்றான்; பயிர் கொடுக்காத காசைத் தண்ணீர் கொடுத்தது. அவனை நாம் ஏச மாட்டோம். ஆனால் இலவச மின்சாரம் சாகுபடிக்குத்தான். தண்ணீர் வியாபாரியின் லாரிக்கு அல்ல. அந்த வேறுபாட்டைக் காட்ட உழவன் வீட்டில் மீட்டர் மாட்ட வேண்டியதில்லை. பத்துக் குதிரைத் திறன் மோட்டார் நூறடி ஆழத்திலிருந்து இறைத்தால், பாதி சக்தி வீணானாலும் வினாடிக்குப் பன்னிரண்டு லிட்டரை ஒட்டித்தான் வரும். எழுபது லாரி ஒரு தோட்டத்திலிருந்து புறப்படுகிறதென்றால் லாரியை எண்ணினாலே போதும்!

ஆலையின் கதை வேறு. அங்கே மீட்டர் உண்டு, படிப்பவனும் உண்டு. மணலியில் வேலை செய்யும் இன்ஸ்ட்ருமென்ட் தோழரைக் கேளுங்கள், நம்மைவிட நன்றாகச் சொல்வார். குழாய்க்கு நடுவே துளையிட்ட தகடு ஒன்றை வைப்பார்கள். ஆரிஃபிஸ் தகடு என்று பெயர். துளைக்குள் நுழையும் நீர் வேகம் எடுக்கும். வேகம் எடுத்த இடத்தில் அழுத்தம் குறையும். 1738-இல் பெர்னூலி எழுதி வைத்த உண்மை. தகட்டுக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வேறுபாட்டைப் பார்த்து ஓட்டத்தைக் கணக்கிடலாம். ஆனால் அழுத்த வேறுபாடு நான்கு மடங்கானால் ஓட்டம் இரண்டு மடங்குதான். இந்த வர்க்கமூலத்தை மறந்தால் கணக்கு கவிழும். தகடு தேய்ந்துபோனாலும் கவிழும்; வளைவை ஒட்டி மீட்டரைப் பொருத்தினாலும் கவிழும். மீட்டருக்கு முன்னால் விட்டத்தைப் போலப் பத்து மடங்கு நீளமாவது நேரான குழாய் வேண்டும் என்பது பிட்டர் தோழர்கள் அறிந்த பாலபாடம். ஆகவே மீட்டர் இருக்கிறது என்பதோடு கேள்வி முடிந்துவிடாது. கடைசியாக அதைச் சரி பார்த்தது எப்போது, பார்த்தது யார் என்றும் கேட்க வேண்டும்.

இந்தக் கேள்வி எத்தனை ரூபாய் பெறும் தெரியுமா? காட்டுப்பள்ளிக்கு வாருங்கள்.

மீஞ்சூர் நிலையம் என்று ஊரெல்லாம் அழைக்கும் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் அங்கேதான் இருக்கிறது. 2005-இல் அ.தி.மு.க. ஆட்சியில் ஒப்பந்தம், 2010 ஜூலை 31 அன்று முதலமைச்சர் கலைஞர் திறந்து வைத்தார். நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் திறன். தனியார் கட்டி, தனியார் நடத்தி, இருபத்தைந்து ஆண்டு கழித்து ஒப்படைக்கும் ஏற்பாடு. ஒப்பந்தத்தில் குறித்த விலை ஆயிரம் லிட்டருக்கு 48 ரூபாய் 66 காசு. பத்துக் கோடி லிட்டர் என்றால் வினாடிக்கு 1,157 லிட்டர். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து ஐம்பது வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலில் வந்ததே, நாடே வாய் பிளந்து பார்த்ததே, அந்த ரயில் முழுவதும் இந்த நிலையத்தின் முப்பத்தாறு நிமிட உற்பத்தி!

அந்த நிலையம் வந்தது வட சென்னைக்கு நன்மையே. அதை மறுக்கிறவர் நாமல்லர். மழையை நம்பாத தண்ணீர் அது. நாம் பார்ப்பது மீட்டரை. முழுத் திறனில் ஓடினால், அந்த ஒப்பந்த விலைப்படி ஒரு நாளைக்கு 48 லட்சத்து 66 ஆயிரம் ரூபாய். மீட்டர் நூற்றுக்கு இரண்டு மட்டும் கூடுதலாகக் காட்டினால், ஒரு நாளைக்குத் தொண்ணூற்றேழாயிரம். ஆண்டுக்கு மூன்றரைக் கோடி! யாரும் திருட வேண்டியதில்லை, யாரும் பொய் சொல்ல வேண்டியதில்லை. முள் சற்றே சாய்ந்தால் போதும். சாய்ந்தது என்று நாம் சொல்லவில்லை. சாயவில்லை என்று காட்ட வேண்டிய பொறுப்பு மக்கள் பணத்தை வாங்குகிறவனுக்கு உண்டு என்கிறோம். கடலை தொழிலாளி எடைக் கல்லுக்கு முத்திரை கேட்கும் சர்க்கார், கோடி லிட்டர் குழாய்க்கு முத்திரையைச் சுவரில் ஒட்டிவைத்தால் என்ன குறைந்துவிடும்?

உள்ளே போகும் கணக்கும் உண்டு. பத்துக் கோடி லிட்டர் நல்ல நீருக்குச் சுமார் இருபத்து நான்கு கோடி லிட்டர் கடல் நீர் உறிஞ்ச வேண்டும். மீதிப் பதினான்கு கோடி எங்கே? உப்பு ஒன்றே முக்கால் மடங்காகத் தடித்து மீண்டும் கடலுக்கே போகிறது. அந்தக் கடல்தான் காட்டுப்பள்ளி மீனவனின் வயல். அவன் வயலில் எவ்வளவு பாய்ச்சப்படுகிறது என்று அவனுக்குத் தெரிய வேண்டாமா?

எவ்வளவு என்று கேட்காத ஊர் என்ன பாடுபடும் என்பதை எண்ணூர் பார்த்துவிட்டது. 2017 ஜனவரி 28 அன்று காமராசர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதின. சுற்றுச்சூழலுக்குக் கேடு ஏதுமில்லை என்பதே முதலில் வந்த செய்தி. பிறகு எர்ணாவூர்க் கரையில் தார்போல ஒதுங்கியது எண்ணெய். அதை அள்ளியது எந்த இயந்திரம்? வாளி! தொழிலாளரும் மாணவரும் மீனவரும் வாளி வாளியாக அள்ளி, நூறு டன்னுக்கு மேல் எண்ணெய்க் கசடைக் கரையேற்றினார்கள். விண்வெளிக்கு ராக்கெட் விடும் நாட்டில், கசிந்தது எவ்வளவு என்பதைத் தொழிலாளியின் வாளிதான் ஊருக்குச் சொன்னது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியின் எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியபோதும் அதே கதை. படகு கறுத்தது, வலை கறுத்தது, இழப்பீடு அளந்து கொடுக்கப்பட்டது. எண்ணெய் எவ்வளவு என்பதில்தான் சச்சரவு. அதே மாதம் 26-ஆம் நாள் இரவு பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்களே, அந்த இரவிலும் எத்தனை அழுத்தம், எத்தனை ஓட்டம் என்று தெரிந்த இடம் வேலிக்கு உள்ளே இருந்தது. மூச்சுத் திணறியது வேலிக்கு வெளியே.

நல்ல செய்தியும் ஒன்று சொல்லிவிடுவோம். மணலி ஆலைகள் சில 1990-களிலிருந்தே நகரக் கழிவு நீரைச் சுத்தம் செய்து பயன்படுத்தக் கற்றுக்கொண்டன. 2019-இல் கொடுங்கையூரில் நாளொன்றுக்கு நாலரைக் கோடி லிட்டர் கழிவு நீரை எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் தெளிவாக்கி ஆலைகளுக்குக் கொடுக்கும் நிலையம் வந்தது. வினாடிக்கு 520 லிட்டர். அத்தனை நல்ல நீர் மக்களுக்கு மிச்சமாக வேண்டும். மிச்சமாயிற்றா? கழிவு நீர் வாங்கும் ஆலை, பழைய போரை மூடியதா, அல்லது இதையும் குடித்து அதையும் குடிக்கிறதா? இரண்டு மீட்டர்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஐந்து நிமிட வேலை.

ஆகவே மீஞ்சூர் வட்டாரத் தோழர்களுக்குச் சொல்கிறோம். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 முதல் கையில் இருக்கிறது. ஒவ்வொரு பெரிய குழாய்க்கும் மாத ஓட்டம், மீட்டர் சோதித்த நாள், சோதித்தவர் பதவி, இந்த மூன்றையும் எழுதிக் கேளுங்கள். உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22 அன்று நம் மாநிலத்தில் கிராம சபை கூடுகிறது; அந்த எண்கள் ஊராட்சிப் பலகையில் எழுதப்பட வேண்டும் என்று தீர்மானம் போடுங்கள். தொழிற்சங்கத் தோழர்கள் மாதம் ஒரு மாலை படிப்பகத்தில் உட்கார்ந்து, விட்டம், வேகம், வர்க்கமூலம் என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். ஆலைக்குள் தெரிந்ததை ஊருக்குள் தெரிந்ததாக்குவதற்கு எந்த ரகசியத்தையும் உடைக்க வேண்டியதில்லை. சூத்திரம் எவனுக்கும் சொந்தமல்ல.

வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் வல்லூர் அணைக்கட்டுக்கு நான்கு பேர் போங்கள். பெருவெள்ளத்தில் இறங்க வேண்டாம். தணிந்த ஓட்டமாக இருக்கும்போது, முழங்கால் நீர் ஓடும் நேரான இடமாகப் பாருங்கள். பத்து மீட்டர் தூரத்தைக் கயிற்றால் அளந்து, ஒரு தேங்காய் மட்டையை மிதக்க விட்டு நேரம் பாருங்கள். இருபது வினாடி ஆனால் மேல் வேகம் அரை மீட்டர். அடியில் மெதுவாக ஓடுமாதலால் அதில் நூற்றுக்கு எண்பத்தைந்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அகலம் இருபது மீட்டர், சராசரி ஆழம் அரை மீட்டர் என்றால் வினாடிக்கு நாலேகால் கன மீட்டர். அதாவது 150 கன அடி. அகலம், ஆழம், நேரம், தேதி எழுதி நமது அலுவலகத்துக்கு அனுப்புங்கள். வாரந்தோறும் வரும் கணக்கை இதே பத்தியில் வெளியிடுவோம். நீர்வளத் துறையின் கணக்கையும் அதன் பக்கத்திலேயே அச்சிடுவோம்.